லில்லியன் கிஷ் அம்மையாரின் 75 ஆண்டுத் திரைவாழ்வு



பிழைப்பின் பொருட்டுத் தமிழகத்தை விட்டு வெளி மாநிலங்களில் வந்து குடியேறிய நம்மவரில் ஏறத்தாழ எல்லோருக்கும் ஓர் அநுபவம் உண்டு. வந்த முதல் வாரத்திலே காய்கறிக் கடைக்குப் போகிறோம். வெண்டைக்காய்க்கு அவ்வூர் மொழியில் என்ன பெயர் என்பது தெரியாது. விரலால் சுட்டுகிறோம். அரைக் கிலோ என்பதற்கு ஒரு கையை மறு கையின்மேல் வைத்துக் குறுக்கே அறுப்பதுபோல் காட்டுகிறோம். விலை மிகுதி என்பதற்கு முகத்தைச் சுளிக்கிறோம். கடைக்காரனும் தன் முகத்தாலேயே மறுமொழி கூறுகிறான். வாய் திறவாமலே வாணிபம் நிறைவேறிவிடுகிறது. நாம் தில்லிக்கு வந்தது மத்திய அரசு அலுவலகமொன்றில் மொழிபெயர்ப்பாளர் உத்தியோகத்தை ஏற்பதற்காக. மொழிகளுக்கிடையே பாலம் கட்டுவதற்கென்று சம்பளம் வாங்க வந்தவர், முதல் மாதம் முழுவதும் கடைத்தெருவில் ஊமையராகவே உலவினோம் என்பதை இன்று சொன்னால் நண்பர்கள் நகைக்கிறார்கள்.

இவ்வாறு பேச்சில்லாமல் பேசுவதையே ஒரு கலையாக்கி, அதை உலகம் முழுவதற்கும் பொதுவாக்கிய காலம் ஒன்று இருந்தது. அதுவே மௌனப் படக் காலம். அக்கலையின் தலைசிறந்த நடிகையருள் ஒருவராகிய லில்லியன் கிஷ் அம்மையாரைப் பற்றியே இன்று சொல்ல எண்ணுகிறோம். அவர் நடித்த முதற் படம் 1912 செப்டம்பரில் வெளியாயிற்று. தில்லி இந்தியாவின் தலைநகராகும் என்ற அறிவிப்பு வந்து அப்பொழுது ஓராண்டுகூட நிறையவில்லை. அவர் நடித்த கடைசிப் படம் 1987-இல் வெளிவந்தது. இடைப்பட்டவை 75 ஆண்டுகள்.

அம்மையார் 1893 அக்டோபர் 14 அன்று அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் ஸ்பிரிங்பீல்டு என்னும் ஊரில் பிறந்தவர். தங்கை டாரதி 1898-இல் பிறந்தாள். தந்தை குடும்பத்தைத் தாங்கும் குணமுடையவராக இருக்கவில்லை. மனைவியையும் மக்களையும் விட்டு நீங்கினார். வயிற்றுப்பாட்டுக்காகத் தாயார் நாடக மேடை ஏறினார். குழந்தைகளும் ஏறினார்கள். ஊர் ஊராக ரயிலில் செல்லும் சுற்றுலா நாடகக் குழுக்களில், சில வேளை தாயும் மக்களும் ஒரே குழுவில், சில வேளை வெவ்வேறு குழுக்களில் பிரிந்து, அப்பெண்கள் வளர்ந்தார்கள். ஒழுங்கான பள்ளிப் படிப்பு வாய்க்கவில்லை. நம் நாட்டில் பாய்ஸ் கம்பெனிகளில் சேர்ந்து ஊர் ஊராகச் சுற்றிய சிறுவர்களின் கதையை அறிந்தவர்களுக்கு இவ்வாழ்வு புதிதன்று.

அந்நாளில் அவர்களுடன் தங்கியிருந்த மற்றொரு நாடகக் குடும்பத்தில் கிளாடிஸ் ஸ்மித் என்றொரு சிறுமி இருந்தாள். சில ஆண்டுகள் கழித்துச் சகோதரிகள் ஒரு படக் கொட்டகையில், திரையிலே அந்த கிளாடிஸைக் கண்டு திகைத்தனர். அவளைத் தேடிக்கொண்டு நியூயார்க்கில் 14-ஆம் தெருவில் இருந்த பயோகிராப் கம்பெனிக்குச் சென்றனர். கிளாடிஸ் அப்பொழுது மேரி பிக்போர்டு என்று பெயர் மாற்றிக்கொண்டிருந்தாள். பின்னாளில் உலகமே அறிந்த பெயர் அது. அவளே இருவரையும் டி. டபிள்யூ. கிரிபித் என்னும் டைரக்டருக்கு அறிமுகம் செய்து வைத்தாள். கிரிபித்துக்கு யார் லில்லியன், யார் டாரதி என்பது விளங்கவில்லையாம். ஒருத்தியின் கூந்தலில் நீல நாடாவும், மற்றவள் கூந்தலில் சிவப்பு நாடாவும் கட்டச் செய்து, பெயருக்குப் பதிலாக நிறத்தைச் சொல்லியே ஒத்திகை நடத்தினார். அச்சம் எவ்வாறு முகத்தில் தோன்றுகிறது என்று காண்பதற்காகக் கைத்துப்பாக்கியை மேல்நோக்கிச் சுட்டுக்கொண்டே அறை முழுவதும் துரத்தினார். இவர் பைத்தியக்காரர் என்றே எண்ணியதாக அம்மையார் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். அந்த ஒத்திகையிலிருந்து பிறந்ததே ‘அன் அன்ஸீன் எனிமி’ என்னும் முதற் படம்.

நாடக மேடையில் நடிப்பவர் கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவனுக்கும் புரியுமாறு கையை வீசவேண்டும், குரலை உயர்த்தவேண்டும். காமிராவோ முகத்துக்கு இரண்டு முழ தூரத்தில் வந்து நிற்கிறது. கண்ணிமை ஒருமுறை தாழ்ந்தால் அது திரையிலே ஒரு வாக்கியத்துக்குச் சமானம். மேடையில் கற்றதை மறந்து, மிகச் சிறிய அசைவுகளைக் கொண்டு பெரிய உணர்ச்சிகளைக் காட்டும் இலக்கணத்தை வகுத்தவர்களுள் லில்லியன் முதன்மையானவர். பரதம் அறிந்த நம்மவர்க்கு, கண்ணாலும் புருவத்தாலும் பொருள் உணர்த்துவது வியப்பன்று. ஆனால் பரதத்தில் முத்திரைக்கு வரையறுத்த பொருள் உண்டு. இவர் காட்டியவற்றுக்கு அகராதி கிடையாது. பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொள்ள வேண்டும், புரிந்தது.

அடுத்துச் சொல்ல வேண்டியது, சொல்லாமல் விட்டுவிடலாமா என்று நாம் சிறிது தயங்கிய பகுதி. 1915-இல் கிரிபித் ‘பர்த் ஆப் எ நேஷன்’ என்னும் படத்தை வெளியிட்டார். ஒரு தேசத்தின் பிறப்பு என்பது அதன் பொருள். தாமஸ் டிக்ஸன் என்பவர் எழுதிய ‘தி கிளான்ஸ்மன்’ என்னும் நாவலைத் தழுவியது. அமெரிக்க உள்நாட்டுப் போரையும் அதற்குப் பின் வந்த காலத்தையும் பற்றியது. படமெடுக்கும் தொழிலில் அதற்கு முன் இல்லாத பெருமுயற்சி என்று எல்லோரும் ஒப்புகிறார்கள். அதிலே விடுதலை பெற்ற நீக்ரோ மக்கள் கொடியவர்களாகவும் மூடர்களாகவும் சித்திரிக்கப்பட்டார்கள். அவர்களுள் முக்கியமான வேடங்களை வெள்ளையர்களே முகத்தில் கரி பூசிக்கொண்டு நடித்தார்கள். முகமூடி அணிந்து அம்மக்களைக் கொன்று குவித்த கூ கிளக்ஸ் கிளான் என்னும் கூட்டம், நாட்டைக் காத்த வீரர் கூட்டமாகக் காட்டப்பட்டது. அவர்களால் காப்பாற்றப்படும் வெள்ளைக்கார நாயகி எல்ஸி ஸ்டோன்மன். அவ்வேடத்தில் நடித்தவர் லில்லியன்.

கறுப்பின மக்களின் முன்னேற்றச் சங்கம் நகரந்தோறும் அப்படத்தை எதிர்த்துப் போராடியது. ஆயினும் மக்கள் திரள் திரளாகச் சென்று பார்த்தார்கள். ஜனாதிபதியின் வெள்ளை மாளிகையிலேயே அது திரையிடப்பட்டது. மறைந்து போயிருந்த கிளான் கூட்டம் அதே 1915-ஆம் ஆண்டின் இறுதியில் ஜார்ஜியா மாநிலத்தில் மீண்டும் தொடங்கப்பட்டது. படத்தின் பங்கு இதில் உண்டென்று வரலாற்றாசிரியர்கள் கூறுகிறார்கள். லில்லியனுக்கு அப்பொழுது வயது 21. டைரக்டர் சொன்னதை நடித்த இளம்பெண்ணை எவ்வளவு குறை கூறலாம் என்று சிலர் கேட்பர். அக்கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் 21 வயதில் நடித்ததைவிட, பின்னர் எழுபதும் எண்பதும் ஆன வயதிலும் கிரிபித்தின்மேல் பழி இல்லை என்றே அவர் வாதாடி வந்தார் என்பதுதான் நமக்கு வருத்தம் தருவது. ஆசானிடத்தில் நன்றி பாராட்டுவது நற்குணமே. அந்நன்றியின் பொருட்டு, துன்புற்றவர்களின் குரலுக்குச் செவி சாய்க்காமல் இருந்தது நற்குணம் ஆகுமா என்று நாம் கேட்கத்தான் வேண்டும். இக்கணக்கு அவர் மறைந்த பின்னும் தீரவில்லை. அதைப் பின்னர்ச் சொல்லுவோம்.

1919-இல் வெளிவந்த ‘புரோக்கன் பிளாஸம்ஸ்’ என்னும் படத்தைப் பிரெஞ்சுக்காரர்கள் முறிந்த அல்லி என்ற பொருள்படப் பெயரிட்டு வழங்கினார்கள். மொழிபெயர்ப்பாளர் என்ற முறையில் நமக்கு அப்பெயர் மூலத்தைக் காட்டிலும் பொருத்தமாகப் படுகிறது. கதை லண்டன் துறைமுகப் பக்கத்துச் சேரியில் நிகழ்வது. குத்துச் சண்டைக்காரனான தந்தை தன் மகளை அடித்து நொறுக்குகிறான். சீன தேசத்து வணிகன் ஒருவன் அவளுக்கு அடைக்கலம் தருகிறான். (அச்சீனனாக நடித்தவரும் ஓர் அமெரிக்கரே, அக்காலத்து வழக்கம் அது.) தந்தை, சிரி என்று அதட்டுகிறான். சிரிக்க அறியாத அப்பெண் இரண்டு விரல்களை உதட்டின் ஓரங்களில் வைத்து மேலே தள்ளிச் சிரிப்பை உண்டாக்கிக் காட்டுகிறாள். உதடு சிரிக்கிறது, கண்கள் நடுங்குகின்றன. பிறிதோரிடத்தில், தந்தை கோடரியால் கதவைப் பிளக்கும்போது சிற்றறை ஒன்றுக்குள் அகப்பட்டுக்கொண்டு, சுவருக்குச் சுவர் சுழலுகிறாள். ஒலி இல்லை. பார்ப்பவர் செவியில் அலறல் கேட்கிறது. சிறுமி வேடத்துக்குத் தமக்கு வயது மிகுதி என்று முதலில் மறுத்தவர் அவர்.

மறு ஆண்டு ‘வே டவுன் ஈஸ்ட்’. அதில் நாயகி பனிப்புயலில் வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டு, ஆற்றிலே மிதந்து செல்லும் பனிக்கட்டிப் பாளம் ஒன்றின்மேல் மயங்கி விழுகிறாள். பாளம் அருவியை நோக்கி நகருகிறது. நம் தஞ்சாவூர்க்காரர்களுக்கு இது எளிதில் மனத்தில் வராத காட்சி. தில்லிக் குளிரையே பெரிதாகப் பேசுகிறோம். வெர்மான்ட் மாநிலத்து ஆற்றில், மெய்யான பனிக்கட்டியின்மேல், மெல்லிய உடையோடு அம்மையார் கிடந்தார். ஒரு கையும் கூந்தலும் பாளத்தின் விளிம்பைத் தாண்டி நீரில் தொங்கினால் காட்சி சிறக்கும் என்ற யோசனையைச் சொன்னவரும் அவரே. எத்தனையோ முறை, எத்தனையோ நாட்கள் அக்கையை உறைநீரில் வைத்தார். விரல்களில் அதன் ஊறு ஆயுள் முழுவதும் இருந்தது. அதே படத்துக்காக மெய்யான புயலில் எடுத்த வேறொரு காட்சியில் அவர் கண்ணிமை மயிர்களில் பனி உறைந்து தொங்குவதைக் காணலாம். ஒரு படக் காட்சிக்காக உடலை இவ்வளவு வருத்த வேண்டுமா என்று நாம் எண்ணுகிறோம். அவர் கேட்டால் அக்கேள்வியே விளங்கியிராது.

1920-ஆம் ஆண்டிலே அவர் ஒரு படத்தை டைரக்டும் செய்தார் என்பது பலர் அறியாதது. கிரிபித் வெளியூர் சென்றிருந்த வேளையில், நியூயார்க்குக்கு அருகில் மாமரோனெக் என்னும் இடத்தில் புதிய ஸ்டூடியோவை ஒழுங்கு செய்யும் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டு, தங்கை டாரதியைக் கதாநாயகியாக வைத்து ‘ரீமாடலிங் ஹர் ஹஸ்பண்ட்’ என்ற நகைச்சுவைப் படத்தை முடித்துக் கொடுத்தார். அதன் பிரதி ஒன்றுகூட இன்று கிடைக்கவில்லை. 1921-இல் ‘ஆர்பன்ஸ் ஆப் த ஸ்டார்ம்’ வெளிவந்தது. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்துக் கதை. டாரதி கண்ணிழந்த பெண். லில்லியன் அவளைக் கைப்பிடித்து நடத்தும் சகோதரி. கிரிபித்துடன் அதுவே கடைசிப் படம். பின்னர் இத்தாலிக்குச் சென்று ‘தி ஒயிட் சிஸ்டர்’ முதலிய படங்களில் நடித்துவிட்டு, மெட்ரோ கோல்ட்வின் மேயர் என்னும் பெரிய கம்பெனியில் சேர்ந்தார்.

அங்கே அவர் வெறும் நடிகையாக இருக்கவில்லை. கதையைத் தேர்வது, டைரக்டரைத் தேர்வது, உடன் நடிப்பவரைத் தேர்வது ஆகியவற்றிலும் அவர் சொல் செல்லுபடி ஆயிற்று. 1926-இல் வந்த ‘லா போஹேம்’ படத்தில் காசநோயால் இறக்கும் பெண்ணாக நடிப்பதற்காக மூன்று நாள் தண்ணீர் பருகாமல் இருந்து, உதடு வறண்டு வந்து நின்றார். மரணக் காட்சியில் அவர் மூச்சை அடக்கிக் கிடந்ததைக் கண்டு, மெய்யாகவே உயிர் போய்விட்டதோ என்று அஞ்சியதாக டைரக்டர் கிங் விடார் எழுதியிருக்கிறார்.

அதே ஆண்டில் ஹாதார்ன் எழுதிய நாவலாகிய ‘தி ஸ்கார்லட் லெட்டர்’ படமாயிற்று. திருச்சபைச் சங்கங்கள் எதிர்க்கும் என்று கம்பெனி அஞ்சியபோது, தாமே அவர்களுக்கு எழுதி இசைவு பெற்றவர் அம்மையார். ஸ்வீடன் தேசத்திலிருந்து வந்த விக்டர் ஷேஸ்ட்ரோம் டைரக்ட் செய்தார். நாயகனாகிய லார்ஸ் ஹான்ஸனும் ஸ்வீடன் நாட்டினரே. காமிரா ஓடும்பொழுது அவர் தம் வசனத்தை ஸ்வீடிஷ் மொழியில் பேசினார். லில்லியன் ஆங்கிலத்தில் பேசினார். இருவர் பேச்சும் இருவருக்கும் புரிய வேண்டிய அவசியம் இருக்கவில்லை. கண்கள் புரிந்துகொண்டன. மொழிபெயர்ப்புத் தொழிலில் இருக்கும் நமக்கு இச்செய்தியைக் கேட்டபோது சிறிது பொறாமைகூட உண்டாயிற்று. மௌனப் படத்தில் இடையிடையே தோன்றும் எழுத்து அட்டைகளை மட்டும் கத்தரித்துவிட்டு, அந்தந்த நாட்டு மொழியில் புதியன ஒட்டிவிட்டால் படம் அந்நாட்டுப் படமாகிவிடும். நம் நாட்டுக் கொட்டகைகளில் எழுத்தறியாதவர்க்காக ஒருவர் நின்று அட்டைகளை உரக்கப் படித்துக் காட்டுவதும் உண்டு. மொழிபெயர்ப்பாளனுக்கு இவ்வளவு குறைவான வேலை அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

இப்பொழுது ‘தி விண்ட்’, அதாவது காற்று, என்னும் படத்துக்கு வருகிறோம். சற்று விரிவாகச் சொல்ல நேயர்கள் அநுமதிக்க வேண்டும். டாரதி ஸ்கார்பரோ என்னும் பெண்மணி எழுதிய நாவலைத் தேர்ந்தெடுத்து, நான்கு பக்கச் சுருக்கம் எழுதி, கம்பெனியின் தலைமைத் தயாரிப்பாளரிடம் கொண்டு சென்றவர் அம்மையாரே. பசுமையான வர்ஜீனியாவிலிருந்து லெட்டி என்ற பெண், டெக்ஸாஸ் வறள்நிலத்தில் வாழும் உறவினன் வீட்டுக்கு வருகிறாள். ஓயாத காற்று. ரொட்டியில் மணல், தலையில் மணல், தட்டில் மணல். உறவினன் மனைவி பொறாமையால் அவளை வெளியேற்றுகிறாள். போக்கிடம் இல்லாமல், அன்பில்லாத திருமணம் ஒன்றுக்கு உடன்படுகிறாள். கணவன் வெளியே சென்ற ஒரு புயல் இரவில் கயவன் ஒருவன் வந்து அவளைக் கெடுக்கிறான். அவள் அவனைச் சுட்டு, மணலில் புதைக்கிறாள். காற்று மணலை அள்ளிக்கொண்டு போகிறது. புதைத்த முகம் வெளியே தெரிகிறது. சன்னலின் பின்னாலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்தக் கண்களை மறப்பது அரிது.

இப்படம் மோஹாவே பாலைவனத்தில் 1927-இல் எடுக்கப்பட்டது. வெப்பம் 120 பாரன்ஹீட் டிகிரி இருந்தது என்று அம்மையார் எழுதியிருக்கிறார். பிலிம் உருகாமல் இருக்கும்பொருட்டு அதைக் குளிரூட்டி வைக்கவேண்டியிருந்தது. காற்று போதாது என்று எட்டு விமான எந்திரங்களைக் கொண்டு அவர்மேல் மணலை வாரி இறைத்தார்கள். காரின் கதவுப் பிடியைத் தொட்டுக் கை வெந்தது. பனியில் ஒரு கை, நெருப்பில் ஒரு கை என்று சொல்லலாம்.

சில ஆண்டுகளுக்கு முன், ஊரிலிருந்து வந்து நம்முடன் சில மாதம் தங்கியிருந்த நம் தாயாரை, தலைநகரில் ஒரு திரைப்படச் சங்கம் இப்படத்தைக் காட்டியபோது அழைத்துச் சென்றோம். அவர் சாத்தான்குளத்துத் தேரிப் பக்கத்தில் பிறந்தவர். செம்மணல் மேடுகள் காற்றுக்கு இடம் பெயரும் பூமி அது. ஆங்கிலமும் இந்தியும் அறியார். அட்டைகளை அவருக்குத் தமிழில் சொல்லுவோம் என்று அருகில் அமர்ந்தோம். இரண்டு மூன்று அட்டைகளுக்குமேல், “சும்மா இரு, புரியுது” என்று சொல்லிவிட்டார். லெட்டி தட்டுகளை மணலால் துலக்கும் காட்சியில், “ஆடி மாசம் எங்க ஊரு இப்படித்தான் இருக்கும்” என்று தமக்குத்தாமே கூறிக்கொண்டார். மணல் விலகி முகம் தெரிந்தபோது நம் கையைப் பற்றிக்கொண்டார்.

நாவலின் முடிவில் லெட்டி மனம் கலங்கிக் காற்றுக்குள் நடந்து மடிகிறாள். படத்திலோ கணவன் திரும்பி வருகிறான். அவள் அச்சம் நீங்கி அங்கேயே வாழத் துணிகிறாள். துயர முடிவைத் திரையரங்குக்காரர்கள் விரும்பவில்லை, அதனால் மாற்றினார்கள் என்பது அம்மையார் கூறும் காரணம். அவருக்கு அம்மாற்றம் பிடிக்கவே இல்லை. எடுத்து முடித்த படத்தை வெளியிடாமல் காலம் கடத்தி, 1928 நவம்பரில் வெளியிட்டார்கள். அதற்குள் பேசும் படம் வந்துவிட்டது. மக்கள் பேச்சைக் கேட்கவே விரும்பினார்கள். ‘தி விண்ட்’ தோல்வியுற்றது. கம்பெனித் தலைவர்கள் அம்மையாரிடம், உங்களைப் பற்றி ஜனங்களுக்கு அக்கறை குறைந்துவிட்டது, ஒரு வதந்தியைக் கிளப்பிவிடட்டுமா என்று கேட்டதாக அவர் எழுதுகிறார். படத்துக்கு வெளியேயும் ஆயுள் முழுவதும் நடிக்க வேண்டியிருக்குமே என்று அஞ்சி அவர் மறுத்தார். அப்பொழுது அவர் வயது 35. நடிகைக்கு முதுமை என்று அக்கம்பெனிகள் கருதிய வயது.

பேச்சு வந்ததும் உலகம் பல அறைகளாகப் பிரிந்தது. லார்ஸ் ஹான்ஸன் ஸ்வீடனுக்குத் திரும்பினார், ஷேஸ்ட்ரோமும் திரும்பினார். லில்லியன் 1930-இல் ஒரு பேசும் படத்தில் நடித்துவிட்டு, குழந்தைப் பருவத்தில் விட்டு வந்த நாடக மேடைக்கே சென்றார். அவருக்குக் குரல் இல்லை என்று யாரும் சொல்ல முடியவில்லை. செகாவின் ‘வான்யா மாமா’ நாடகத்தில் எலெனா. 1936-இல் ஜான் கீல்குட் ஹாம்லெட்டாக நடித்தபோது ஒபிலியா. திரை உலகம் அவரை ஏறக்குறைய மறந்திருந்தது. 1946-இல் ‘டூயல் இன் த ஸன்’ படத்தில் துணை வேடத்தில் வந்தார். ஆஸ்கார் பரிசுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது. கிரிபித் 1948-இல், வேலை தருவார் யாருமின்றிப் பல ஆண்டுகள் கழித்து, ஹாலிவுட்டில் இறந்தார்.

1955-இல் சார்லஸ் லாட்டன் என்னும் பெரிய நடிகர், தம் வாழ்நாளில் டைரக்ட் செய்த ஒரே படம் ‘தி நைட் ஆப் த ஹண்டர்’. அதை எடுக்குமுன் நியூயார்க் நவீனக் கலைக்கூடத்தில் பழைய கிரிபித் படங்களை வரவழைத்துப் பார்த்தார். பார்த்துவிட்டு லில்லியனை அழைத்தார். கொலைகாரப் போதகன் ஒருவனிடமிருந்து அநாதைக் குழந்தைகளைக் காக்கும் கிழவி வேடம். இரவு முழுவதும் நாற்காலியில் ஆடிக்கொண்டு, மடியில் துப்பாக்கியோடு அமர்ந்திருக்கிறாள். வெளியே இருளில் நின்று அவன் ஒரு பக்திப் பாட்டைப் பாடுகிறான். அதே பாட்டை அவளும் சேர்ந்து பாடுகிறாள். ஒரு காலத்தில் கதவுக்குப் பின்னே நடுங்கிய பெண், இப்பொழுது கதவைக் காத்து நிற்கிறாள். இப்படமும் வெளிவந்தபோது தோல்வியே. இன்று உலகத்தின் சிறந்த படங்களுள் ஒன்றாக வைத்துப் போற்றுகிறார்கள்.

முதுமையில் அவர் மேற்கொண்ட பணி ஒன்றை நாம் பெரிதாக மதிக்கிறோம். அக்காலத்துப் பிலிம் எளிதில் தீப்பற்றுவது. வைத்தாலும் காலப்போக்கில் பொடியாகிவிடும். அமெரிக்க மௌனப் படங்களுள் பத்தில் ஏழு பங்கு அழிந்துவிட்டன என்று அந்நாட்டுக் காங்கிரஸ் நூலகம் 2013-இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. நம் நிலை அதனினும் கேடு. தென்னிந்திய மௌனப் படங்களில் எஞ்சியவை மிகச் சில. 1931-இல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படமாகிய ‘காளிதாஸ்’கூட இல்லை. அம்மையார் பழைய படத் துண்டுகளை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகவும் நாடு நாடாகவும் சென்று சொற்பொழிவு ஆற்றினார். இவற்றைக் காப்பாற்றுங்கள் என்று கேட்டவண்ணம் இருந்தார். சிறுவயதில் ரயிலில் சுற்றியவர், எழுபது வயதுக்குமேலும் சுற்றினார். 1971-இல் கௌரவ ஆஸ்கார் அளித்தார்கள். 1993 பிப்ரவரி 27 அன்று நியூயார்க்கில் உறக்கத்திலேயே காலமானார். வயது 99. திருமணம் செய்துகொள்ளவில்லை. தங்கை 1968-இலேயே மறைந்துவிட்டாள்.

முன்னர்ச் சொல்லிவைத்த கணக்குக்கு வருவோம். தம் செல்வத்தைக் கொண்டு, தங்கை பெயரையும் தம் பெயரையும் இணைத்து ஆண்டுதோறும் ஒரு கலைஞருக்குப் பெரும்பரிசு வழங்க அவர் ஏற்பாடு செய்திருந்தார். 2013-இல் அப்பரிசைப் பெற்றவர் ஸ்பைக் லீ என்னும் கறுப்பின டைரக்டர். மாணவராக இருந்த காலத்திலேயே ‘பர்த் ஆப் எ நேஷன்’ படத்தைத் தாக்கி ஒரு சிறு படம் எடுத்தவர் அவர். அப்படத்து நாயகியின் பணமே தம்மிடம் வந்து சேர்ந்த விந்தையை அவரே சுட்டிக் காட்டினார். 2019-இல் வேறொன்று நிகழ்ந்தது. ஓஹையோ மாநிலத்துப் பௌலிங் கிரீன் பல்கலைக்கழகத்தில் கிஷ் சகோதரிகளின் பெயரால் ஒரு படக் கொட்டகை இருந்தது. அப்பெயரை நீக்கவேண்டும் என்று கறுப்பின மாணவர்கள் கேட்டார்கள். நிர்வாகக் குழுவும் நீக்கியது. மார்ட்டின் ஸ்கார்ஸேஸி, கறுப்பின நடிகராகிய ஜேம்ஸ் எர்ல் ஜோன்ஸ் முதலிய ஐம்பதுக்கு மேற்பட்ட திரையுலகத்தார் பெயரை மீண்டும் வைக்குமாறு கையெழுத்திட்டுக் கேட்டார்கள். பல்கலைக்கழகம் இசையவில்லை. டாரதி அப்படத்தில் நடிக்கவே இல்லை. அவள் பெயரும் சேர்ந்தே போயிற்று.

இருதிறத்தாரில் எவர் பக்கம் நியாயம் என்று நம்மைக் கேட்டால், அந்த வாசலைத் தினந்தோறும் கடந்து செல்ல வேண்டியவர்கள் அம்மாணவர்கள் என்பதை முதலில் சொல்லுவோம். வாசலில் எழுதும் பெயர் மரியாதைக்குரியது. அதைக் கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. படங்களைப் பூட்டிவைக்கச் சொன்னால் மட்டும் உடன்படமாட்டோம். அந்த 1915-ஆம் ஆண்டுப் படத்தையும், அது என்ன செய்தது என்பதை அறிந்துகொண்டு, பார்க்கத்தான் வேண்டும்.

இனி அவரது கடைசிப் படம். 1987-இல் வெளிவந்த ‘தி வேல்ஸ் ஆப் ஆகஸ்ட்’. மேய்ன் மாநிலத்துத் தீவு ஒன்றில் 1986-இல் எடுத்தது. கடலோர வீட்டில் இரண்டு கிழச் சகோதரிகள். ஒருத்தி பெட்டி டேவிஸ். மற்றவர் 90 வயதைக் கடந்துவிட்ட லில்லியன். பெட்டி டேவிஸ் ஏற்றது கண்ணிழந்த சகோதரி வேடம். 1921-இல் கண்ணிழந்த தங்கையைக் கைப்பிடித்து நடத்தியவர், 66 ஆண்டுகள் கழித்து மீண்டும் அதையே செய்கிறார். கதையென்று பெரிதாக ஒன்றும் இல்லை. ரோஜாப்பூ, தேநீர், பழைய கோபதாபங்கள், கடலில் திமிங்கிலம் வருமா என்ற பேச்சு.

‘தி விண்ட்’ பார்த்துவிட்டு வந்த மறுவாரம் இப்படத்தை வீட்டில் தாயாருக்குப் போட்டுக் காட்டினோம். இது பேசும் படம். ஆதலால் நம் தொழில் திரும்பி வந்துவிட்டது. வசனம் வசனமாகத் தமிழில் சொல்லிக்கொண்டே இருந்தோம். நடுவில் ஓரிடத்தில் லில்லியன், கண் தெரியாத சகோதரியின் நீண்ட நரைத்த கூந்தலைச் சீவிவிடுகிறார். அங்கே தாயார் கையசைத்து நம்மை நிறுத்தச் சொன்னார். சிறிது நேரம் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏம்ப்பா, அந்தக் காத்துல கெடந்து தவிச்சாளே, அந்தப் பொண்ணா இது?” என்று கேட்டார்.

ஆம் என்றோம்.

“பொழைச்சுக்கிட்டாளே” என்றார்.